அண்ணைக்கு முன்னால் ஒரு மிடறு

சாந்தனுக்கு நாற்பத்தாறு வயது. புதிதாகத் திறக்கப்போகும் வைன் கடைக்கு முதலாளி. ஆனால் அண்ணன் லோறன்ஸுக்கு முன்னால் இன்றுவரை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அண்ணனும் அவனுக்கு முன்னால் குடித்ததில்லை. பாரிஸ் புறநகரான பொபினியில் ஞானஸ்நான விருந்து நடக்கும். அண்ணன் கூட்டாளிகளோடு கிளாசும் கையுமாக இருப்பார். சாந்தன் வாசலில் தலை காட்டியதும் கிளாஸ் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடும். அவனும் காணாதவன்போல் சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்துவிடுவான். ஊரறிந்த இந்த ரகசியத்தை இருவரும் முப்பது வருடமாகக் கட்டிக் காத்து வந்தார்கள்.

கடை பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருந்தது. எதிரே புடவைக் கடை, பக்கத்தில் கொத்து றொட்டிக் கடை. பாரிசுக்கு வருமுன் சாந்தன் இத்தாலியில், பொலோஞ்ஞாவில், ஏழு வருடம் ஓர் எனொதேக்காவில் நின்றவன். முதலில் கிளாஸ் கழுவினான், பிறகு ஊற்றிக் கொடுத்தான். எனொதேக்கா என்றால் போத்தலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் கடை அல்ல. மேசையில் இருந்து ஒரு கிளாஸ் ருசி பார்த்து, ஒரு துண்டு சீஸ் கடித்து, பிடித்தால் வாங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்ததைக் கேட்கலாம். அங்கே நடுத்தட்டு எப்போதும் அந்த ஊர் வைனுக்குத்தான். சாந்தனும் தன் நடுத்தட்டைப் பாரிசைச் சுற்றி விளையும் வைனுக்கென்று ஒதுக்கினான். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

பாரிசைச் சுற்றி வைன் விளைகிறது என்றால் பாரிஸ்காரரே சிரிப்பார்கள். விளைகிறது, கொஞ்சமாக. அந்தக் கொஞ்சத்திலும் நல்லதை விளைவிப்பவர் தியரி. கிழக்கே ஒரு மணித்தியாலம் தள்ளி ஒரு சரிவில் அவருடைய தோட்டம். வருடம் தொளாயிரம் போத்தல், மூன்றே மூன்று கடைகள். அதில் ஒன்று இழுத்து மூடப்பட்டதால் ஓர் இடம் காலியாயிருந்தது. அவருடைய நிபந்தனையும் ஒன்றுதான்: விற்கிறவன் அவர் கண் முன்னால் குடித்து, வாயில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை கடைத் திறப்பு. வியாழக்கிழமை பின்னேரம் வருவதாகத் தியரி சொல்லியிருந்தார். அவர் மாட்டேன் என்றால் நடுத்தட்டு வெறும் பலகை. மாதா சொரூபம் இல்லாத கூட்டைத் தூக்கிக்கொண்டு திருவிழாவில் சுற்றுவதுபோலத்தான் சாந்தன் கடை நடத்த வேண்டியிருக்கும்.

தியரி சொன்ன நேரத்துக்கு வந்தார். பெருத்த கைகள், நகக் கண்ணில் மண். கொண்டுவந்த வெள்ளை வைனைத் திறந்து விரலளவு ஊற்றினார். சாந்தன் கிளாசைச் சுழற்றினான், முகர்ந்தான், உதட்டுக்குக் கொண்டுபோனான். கதவு மணி கிணுங்கியது. பையில் முருங்கைக்காய் எட்டிப் பார்க்க, அண்ணன் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததற்குச் சாந்தன் பொறுப்பில்லை, அவன் கைதான் பொறுப்பு. கிளாஸ் கவுண்டருக்குக் கீழே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் வைன் முழுவதும் அவன் சப்பாத்துக்குள் இறங்கியது.

"என்னடா, திறக்க ரண்டு நாள்தான் கிடக்கு. நடுத்தட்டு வெறுமையாக் கிடக்கு?" என்றார் லோறன்ஸ்.

"ஓம் அண்ணை. அது... வரும்."

தியரி கவுண்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. "என் வைனை நிலத்தில் ஊற்றினீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை, தவறிவிட்டது."

"அப்படியானால் இதைக் குடியுங்கள்." இன்னொரு விரலளவு ஊற்றி நீட்டினார்.

சாந்தன் கிளாசைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "எனக்கு இன்று வயிறு சரியில்லை," என்றான். வைன் கடைக்காரன் சொல்லக்கூடிய பொய்களில் இதைவிடக் கேவலமானது கிடையாது. தியரி போத்தல் வாயில் தக்கையை ஓங்கி அடித்தார். தான் விற்பதைக் குடிக்கப் பயப்படுகிறவனுக்குத் தன் போத்தலில் ஒன்றும் கிடையாது என்றபடி கோட்டை எடுத்தார். சாந்தனுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடக் கனவு சப்பாத்துக்குள் ஈரமாகக் கிடந்தது.

லோறன்ஸுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவர் பையைக் கீழே வைத்தார்.

"நில்லுங்கள், மெஸ்யூ. பிழை என்னுடையது. எங்களில் தம்பி அண்ணனுக்கு முன்னால் குடிக்க மாட்டான். அவன் உங்கள் வைனுக்குப் பயப்படவில்லை, எனக்குத்தான் பயப்படுகிறான்."

தியரி சாந்தனின் நரைத்த தலையைப் பார்த்தார். "அப்படியென்றால் நீங்கள் வெளியே போகலாமே."

"போகலாம். ஆனால் கடை முழுக்கக் கண்ணாடி. தெருவில் நின்றாலும் எனக்குத் தெரியும்."

லோறன்ஸ் தம்பியிடம் திரும்பினார்.

"நான் அங்காலை திரும்பி நிக்கிறன். நீ இஞ்சாலை திரும்பு." பிறகு குரலை இறக்கி, "எனக்கும் ஒண்டு ஊத்தச் சொல்லு," என்றார்.

தியரி மனமில்லாமல் தக்கையைப் பிடுங்கினார். அண்ணன் புடவைக் கடைப் பொம்மைகளைப் பார்த்தபடி குடித்தார். தம்பி வெறும் நடுத்தட்டைப் பார்த்தபடி குடித்தான். முதுகோடு முதுகு முட்டியது.

"என்ன தெரியுது?" அண்ணன் தெருவைக் கேட்டார்.

"பச்சை ஆப்பிள் மாதிரி, அண்ணை. கொஞ்சம் புளிப்பு."

"அது முன்னுக்கு. தொண்டையாலை இறங்கினாப் பிறகு பார். வெயில் காய்ஞ்ச சுண்ணாம்புச் சுவரிலை மழை விழுந்தா ஒரு மணம் வருமே, அது."

சாந்தன் இன்னொரு மிடறு குடித்தான். சுவர் மணத்தது. அண்ணனிடம் இப்படியொரு நாக்கு இருப்பது இவ்வளவு காலமும் அவனுக்குத் தெரியாது. கண் கலங்கியது. நல்லவேளை, அண்ணன் பார்க்கவில்லை.

இருவர் சொன்னதையும் அவன் தட்டைப் பார்த்தபடியே பிரெஞ்சில் சொன்னான். தியரி கோட்டைக் கதிரையில் போட்டார். "சரிவு முழுக்கச் சுண்ணாம்புக் கல்தான்," என்றார் மெதுவாக. பிறகு தனக்கும் ஊற்றிக்கொண்டு, இதுதான் இவர்கள் முறையாக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் முதுகைக் காட்டித் திரும்பி, சீஸ் அலுமாரியைப் பார்த்தபடி குடித்தார்.

"சனிக்கிழமைக்கு எத்தனை போத்தல்?" என்று அலுமாரியைக் கேட்டார்.

"அறுபது," என்றான் சாந்தன். போத்தலை எடுத்தான். "அண்ணை, இன்னொண்டு?"

அண்ணனின் தோளுக்கு மேலால் வெறும் கிளாஸ் ஒன்று நீண்டு வந்தது. சாந்தன் திரும்பாமலே ஊற்றினான். பாதி அண்ணனின் சட்டையில் போயிற்று.