பதினெட்டு மீட்டர் கீழே

ஏரிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் குமிழி. இரண்டு வருடத்துக்கு முன் இதே ஏரியின் அடித்தண்ணீரைப் பிடித்தபோது, பாட்டில் மூடிக்குக் கீழே கடுகளவு காற்றுக்குமிழி தங்கிவிட்டது. அதை ஏரியின் மூச்சென்று நம்பி, படகிலிருந்தே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். மறுநாள் அது வெறும் வெளிக்காற்று என்று தெரிந்து மானம் கப்பலேறியது.

சாயப்பட்டறைகளின் கழிவுக் கால்வாயை அடைத்து ஒன்றரை வருடமாகிறது. செத்த ஏரிக்கு எதற்குக் காவல், திறந்துவிடுங்கள் என்று பட்டறைக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். நாளைக் காலை கூட்டம். அடித்தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் கால்வாய் மூடியே இருக்கும். இல்லையென்றால் அவனுடைய நான்கு வருட வேலை நீர்மேல் எழுத்து.

படகை ஓட்டியவர் அவன் அக்காவின் கணவர்.

"மாப்ள, இன்னிக்காவது குமிழி வராம பிடி. உங்கக்கா கேட்டா நான் பதில் சொல்ல முடியாது."

"வாயை மூடிட்டுப் படகை ஆடாம வைங்க, மச்சான்."

மாதிரிக் குழாயைக் கயிற்றில் இறக்கினான். பதினெட்டு மீட்டர். கயிற்றின் வழியே இரும்பு எடையை நழுவவிட்டான். அடியில் மூடிகள் சாத்திக்கொண்ட அதிர்வு விரலுக்கு எட்டியது. இழுத்தான். பாட்டிலில் தண்ணீரை வழியவிட்டுப் பிடித்தான். ஆக்சிஜனைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு மருந்துகளையும் விட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்தான். குமிழி இல்லை.

ஆக்சிஜன் இல்லாத தண்ணீரென்றால் திரிந்த பால்போல் வெள்ளையாகும். இதுவரை வெள்ளைதான் ஆகியிருந்தது.

பழுப்பு. நல்ல டீ நிறம்.

"மச்சான்!"

"டேய், குதிக்காத! கவுந்தா நாமதான் அடுத்த மாதிரி!"

அவன் சட்டென்று உட்கார்ந்தான். குழாய் பாதி வழியிலேயே மூடியிருந்தால்? மேல்தண்ணீரைப் பிடித்துவிட்டு ஆடுகிறோமோ? குழாய்க்குள் இருந்த வெப்பமானியைப் பார்த்தான். பதினான்கு டிகிரி. மேலே இருபத்தேழு. சந்தேகமில்லை, அடித்தண்ணீர்தான். இன்னும் இரண்டு முறை இறக்கினான். இரண்டும் பழுப்பு.

இம்முறை யாருக்கும் போன் செய்யவில்லை. நிறம் மட்டும் போதாது, எண் வேண்டும்.

ஆய்வகத்தில் தலைமை வேதியியலாளரான அம்மாள் மூன்று பாட்டில்களையும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நீ தள்ளி நில்லு. நானே பாக்கறேன்."

அமிலம் விட்டு, அளந்து ஊற்றி, மாவுக் கரைசல் சேர்த்தார். குடுவை கருநீலமானது. மேலே நின்ற கண்ணாடிக் குழாயிலிருந்து நீலத்தைப் போக்கும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலம் போகும்வரை எத்தனை மில்லி இறங்குகிறதோ லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன். சீக்கிரம் வெளுத்தால் தோற்றான்.

ஒன்று புள்ளி இரண்டு. நீலம். ஒன்று புள்ளி ஆறு. நீலம் கொஞ்சம் வெளிறியது.

"போகாத, போகாத," என்றான்.

"யார்கிட்ட பேசற?"

"நீலத்துக்கிட்ட, மேடம்."

ஒன்று புள்ளி ஒன்பது. இரண்டு. இன்னும் நீலம்! இரண்டு புள்ளி மூன்றில் சட்டென்று நிறமற்ற தண்ணீராய்த் தெளிந்தது.

மற்ற இரண்டு பாட்டில்கள்: இரண்டு புள்ளி இரண்டு, இரண்டு புள்ளி நான்கு.

அம்மாள் கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துல நீதான் பேசணும்."

"நானா? என்னைப் பாத்தாலே சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் எண்ணைச் சொல்லு."

அவன் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிக்கொண்டே மச்சானுக்குப் போன் போட்டான். ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"தாண்டிருச்சு!"

அந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.