தாமரைச்செல்வி வாங்கிய காப்பி மிஷின்

மாங்கனித் திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது, தாமரைச்செல்வி காப்பிக்கொட்டை அரைத்தால் அவள் வீடு திரும்புகிறது என்பது காரைக்காலில் உறுதியாயிற்று. புதுக் கைமிஷினை மேசையில் மாட்டி ஒரு பிடி கொட்டை அரைத்தாள். வீடு வலப்பக்கமாக இரண்டு விரற்கடை நகர்ந்தது. கைப்பிடியை விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மிஷின் மட்ட ரகம். போனில் பளபளப்பைப் பார்த்து அதை வரவழைத்தவன் அவள் புருஷன் ராஜ்மோகன். அவனுக்குக் கோபம் மட்டும் அவள்மேல்.

அவன் பைக்கிலிருந்து விழுந்து, முதுகெலும்பு உடைந்து, ஆறு மாதமாகக் கட்டிலில் கிடந்தான். பிழைத்தால் திருவிழாவில் சாமி தெருவில் வரும்போது தன் கையாலேயே மாம்பழம் வீசுவதாக ஆபரேஷனுக்கு முன் வேண்டிக்கொண்டிருந்தான். கட்டிலோ வாசலில் நுழையாது. கட்டிலருகே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஆஸியா பீவியின் சுவர். வீடு கால் வட்டம் திரும்பினால் அந்த ஜன்னல் தெருவைப் பார்க்கும்.

தாமரைச்செல்வி வேறு மிஷின் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். கைப்பிடி ஆடிய மிஷினை வேண்டாமென்றாள், கனமில்லாததைத் தொடவேயில்லை. கொண்டுபோன கொட்டையை அரைத்து, பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். சீராக அரைக்காத மிஷின் வீட்டையும் உதறும் அல்லவா! மூன்றாம் கடையில் வார்ப்பிரும்பில் ஒன்று அகப்பட்டது. மிக்சி வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். மிக்சிக்கு வீடு அசையாது என்றாள் அவள். அதுவும் சரிதான் என்று பில் போட்டார்.

அந்த மிஷின் வீட்டைத் திருப்பிய இடத்தில் நிறுத்தியது. திரும்பும்போது வீட்டு மூலை பக்கத்துச் சுவரில் இடிக்கும் என்று தெருவில் பயந்தார்கள். ஆஸியா பீவியின் சுவர் ஒரு சாண் ஒதுங்கிக்கொண்டது. பொடியை வீணாக்க மனமில்லாமல் தெருவே காப்பி குடித்தது. இரண்டு வாரம் ஒருவருக்கும் தூக்கமில்லை. கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினார்கள். ராஜ்மோகன் நிமிஷத்துக்கு ஒருமுறை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டு உயிரை வாங்கினான்.

சாமி தெருமுனைக்கு வந்தபோது ஜன்னலில் பாதி சுவர், பாதி தெரு. கொட்டை தீர்ந்துபோயிருந்தது. தாமரைச்செல்விக்கு அழுகை முட்டியது. ஆஸியா பீவி தன் வீட்டுக் கொட்டை டப்பாவோடு வந்தாள்.

"எங்க வூட்டுக் கொட்டைக்கு மட்டும் திரும்பாதா என்ன? போட்டுச் சுத்தும்மா."

இருவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். சுவர் விலகிச் சப்பரம் முழுசாகத் தெரிந்தபோது ராஜ்மோகன் படுத்தபடியே வீசினான். பழம் சப்பரத்தைத் தாண்டி எதிர்மாடியில் போய் விழுந்தது. வேண்டுதல் தீர்ந்தது என்று அவன் வாய்விட்டு அழுதான்.

மறுநாள் காலை, வாசல் திரும்பிவிட்டதால், கரண்ட் ரீடிங் எடுப்பவர் பக்கவாட்டு வழியாக வந்தார். ராஜ்மோகன் காப்பியைக் குடித்து டம்ளரை வைத்தான்.

"இன்னுங் கொஞ்சம் சுத்தேன். கடல் தெரியுதான்னு பாப்போம்."

தாமரைச்செல்வி ஆஸியா பீவியின் கொட்டை டப்பாவைத் திறந்தாள்.