கதவோர நோட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். சாக்பீஸ் ஒடிந்தால் சாக்பீஸையே திட்டுவேன். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார். எண்களைத் தவிர வேறெதையும் நம்பாத ஜென்மம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் செய்ததைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு நான் வகுப்பாசிரியர். அந்த அறையில் கதவோரம் ஆணியடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருந்தேன். பாட நேரத்தில் பாத்ரூம் போகிறவர்கள் அதில் பெயர், போன நேரம், வந்த நேரம், காரணம் என நான்கு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். வராந்தாவில் ஊர் சுற்றுகிற கூட்டத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க நான் செய்த ஏற்பாடு அது. மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நோட்டில்தான் அவள் மாட்டினாள். மூன்றாவது பெஞ்சுப் பெண், பஸ் கண்டக்டர் வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஒரே மகள். அதுவரை இருக்கிற இடமே தெரியாது. திடீரென்று நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை என்று ஆரம்பித்து, மூன்று வாரத்தில் எட்டுக்கு வந்து நின்றாள். காரணம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் 'அவசரம்'. போதாததற்கு, பெரிய பாட்டில் தண்ணீரை மதியத்துக்குள் காலி செய்துவிட்டுப் பக்கத்து பெஞ்சில் கேட்டு வாங்கிக் குடிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது மறுபடியும் எழுந்து நின்றாள்.

"சார், வெளிய போய்ட்டு வரட்டுமா?"

"வாம்மா தண்ணி லாரி! இன்னைக்கு எந்தத் தெருவுக்கு சப்ளை?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். என் நகைச்சுவைமேல் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம். அவள் சிரிக்கவில்லை, வெளியேயும் போகவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணி அடிப்பதற்குள் அந்தப் பெயர் பக்கத்து வகுப்பு வரை போய்விட்டது.

மறுநாள் நோட்டில் அவள் பெயர் இல்லை. வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை. "பாத்தீங்களா, ஒரே வார்த்தை! வைத்தியம் பலிச்சிருச்சு" என்று ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டேன். பீற்றியது போதாதென்று கட்டம் போட்ட தாளில் வரைபடமே வரைந்தேன். கோடு படிப்படியாக ஏறி எட்டைத் தொட்டு, செவ்வாய்க்குப் பிறகு தொப்பென்று விழுந்து பூஜ்யத்தில் கிடந்தது. அதை அவள் அம்மாவிடம் காட்டி நல்ல பேர் வாங்குவதாக உத்தேசம்.

தாளை என் மேசைமேல் பார்த்தவர் பி.டி. டீச்சர். அவரை நான் பெரிதாக மதித்ததில்லை. விசில் ஊதி நாலு பந்தை உருட்டிவிட்டால் சம்பளம் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

"இது யாரு சார்?"

"நம்ம தண்ணி லாரிதான். எப்படி இறக்கியிருக்கேன் பாத்தீங்களா?"

அவர் ஏறுகிற கோட்டின்மேல் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். பூஜ்யத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இந்த மூணு நாளா அவ தண்ணி குடிச்சாளா?"

"எனக்கெப்படித் தெரியும்? அதுக்கு வேற ஒரு நோட்டு போடணுமா?"

"சார், விளையாட்டா பேசாதீங்க. ரெண்டு மாசம் முன்னாடி சரியா இருந்த பேண்ட் இப்ப அவ இடுப்புல நிக்கல, ஊக்கு குத்திட்டு வர்றா. நேத்து அரை ரவுண்டு ஓடிட்டு மூச்சு வாங்கி உக்காந்துட்டா. வெயில்னு நெனச்சு நானும் விட்டுட்டேன்." அவர் முகம் வெளுத்திருந்தது. "என் பையனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவ எங்க இருக்கா இப்ப?"

எட்டு 'ஆ'வில் கடைசி பீரியட், ஆளுக்கொரு புத்தகம் எடுத்து வாசிக்கிற நேரம். அவள் பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்தாள். நான் தனியாக வந்திருந்தால், தூங்குகிறாள் என்று சாக்பீஸை எறிந்திருப்பேன்.

பி.டி. டீச்சர் தரையில் மண்டியிட்டு, முதலில் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு குனிந்து அவள் மூச்சை முகர்ந்து பார்த்தார். கனிந்து அழுகிய பழத்தின் வாசனை, நின்ற இடத்தில் எனக்கே அடித்தது.

"கண்ணு, வயிறு வலிக்குதா?"

"ம்."

"வாந்தி எடுத்தியா?"

"காலைல ரெண்டு தடவ."

"தண்ணி ஏன்டா குடிக்கல?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "குடிச்சா வெளிய போகணுமே டீச்சர்."

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டீச்சர் தன் கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற மீட்டரை எடுத்தார். மகனுக்காக எப்போதும் பையில் இருக்குமாம். அவள் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து வைத்தார். எட்டிப் பார்த்தேன், திரையில் எண்ணே இல்லை.

"என்ன டீச்சர், மெஷின் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார். ரத்தத்துல சர்க்கரை அறுநூறைத் தாண்டிட்டா இது நம்பர் காட்டாது. தூக்குங்க அவள, சீக்கிரம்!"

தூக்கினேன். பதிமூன்று வயதுப் பெண், என் பரீட்சைத் தாள் கட்டுகூட அவளைவிடக் கனமாக இருக்கும். தலைமையாசிரியையின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பத்து நிமிடமும், அவள் ஓடி வந்தவள்போல ஆழமாக மூச்சு வாங்கியபடியே என் மடியில் கிடந்தாள்.

அவள் அம்மா வண்டியைப் பாதி வழியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தோளில் டிக்கெட் பையோடு ஓடி வந்தார். "வளர்ற வயசு, அதான் இளைக்கிறாளோன்னு நெனச்சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. நான் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த வரைபடத்தை நீட்டினேன். டாக்டர் அதை விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு சரியா யாரும் எழுதிட்டு வந்து காட்டினதில்ல. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"நன்றியெல்லாம் டீச்சருக்குச் சொல்லுங்கம்மா. அதுல ஏறுறதுதான் வியாதி. கடைசியில இருக்கே பூஜ்யம், அது நான் செஞ்சது." தண்ணி லாரிக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் என் கையை விட்டார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. "அவ எந்திரிக்கட்டும். அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். நான் உள்ளே போனபோது நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மாடி, ஒரு பிள்ளை தண்ணீர் குடிப்பது இவ்வளவு பெரிய காரியமா! ஒரு ஸ்பூன்கூட நிறையாத இன்சுலின் ஊசி வழியே இறங்கி, போக இருந்த உயிரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. நான் கடவுளைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் அன்று உடம்பெல்லாம் புல்லரித்தது.

"நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுக்கோ."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இங்க யாருமே இல்லயே சார். எல்லாரும் இருக்கும்போதுதானே சொன்னீங்க."

வெளியே வந்ததும் அவள் அம்மா சொன்னார், "இனிமே பள்ளிக்கூடமே வேணாங்கிறா சார். தினம் ஊசி போட்டுக்கறது அவளுக்குப் பயமில்ல. அந்த கிளாஸுக்குள்ள போகத்தான் பயமாம்."

அவளை எப்படியோ பேசி, இரண்டு வாரம் கழித்துக் கூட்டி வந்தவரும் பி.டி. டீச்சர்தான். முதல் பீரியட் என்னுடையது. அவள் வாசலைத் தாண்டாமல் நின்றாள். நாற்பது தலையும் திரும்பியது. நான் மேடையிலிருந்து இறங்கி, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வருகைப் பதிவுகூட நான் எண் சொல்லித்தான் எடுப்பேன்; அந்த வருடத்தில் நான் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உங்க எல்லார் முன்னாடியும் இவளுக்கு ஒரு பட்டப்பேர் வெச்சு சிரிச்சேன். அதனால இவ தண்ணி குடிக்கறத விட்டா. செத்துப் போயிருப்பா. தப்பு என்னோடது, இவளோடது இல்ல. எந்த நேரம் வேணும்னாலும், யாரும், கேக்காமலே வெளிய போலாம். தண்ணி எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்." யாரும் சிரிக்கவில்லை.

அவள் உள்ளே வந்தாள். பெஞ்சுக்குப் போகாமல், ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள். நான் அதைக் கழற்ற மறந்திருந்தேன். நின்றபடியே எழுதி, மாட்டிவிட்டு வராந்தாவில் இறங்கிப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு நோட்டைப் பிரித்தேன். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: 'சர்க்கரை பார்க்கணும். ஊசி போடணும். கொஞ்சம் பயமா இருக்கு.'

அதற்குக் கீழே, அன்று ஒரே நாளில், பதினோரு வரி. பதினோரு கையெழுத்து. ஒன்றில்கூட 'அவசரம்' இல்லை. 'அப்பா அம்மா சண்டை. முகம் கழுவ.' 'எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது, தலை வலிக்குது.' 'அழணும்.' 'நானும் அழணும், அவகூடப் போறேன்.' நோட்டைப் பிடித்தபடி காலி பெஞ்சுகளைப் பார்த்தேன். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளைகள் எனக்குச் சமன்பாடு போட்டுக் காட்டின? இருபத்திரண்டு வருடம் இதன் நடுவில் நின்று நான் எதை எண்ணிக்கொண்டிருந்தேன்?

கடைசி வரி ஜன்னலோரப் பெண்ணுடையது. 'தலை சுத்துது. நேத்துலேர்ந்து சாப்பிடல.' எழுதிய நேரம் மூன்று ஐம்பது. கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு ஐந்து. அவள் இன்னும் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாள். நோட்டை மேசையில் போட்டுவிட்டு, வராந்தாவில் யாரும் ஓடக் கூடாது என்று சட்டம் போட்டவன், ஓடினேன்.