அக்கா தூக்கிய எடை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக்கூடாது. ஒரு வார இதழின் ஆசிரியர் போன் செய்தார்.

"டவுனுக்கு நடுவுல இருக்கிற ஜிம்முல சேர்றதால என்ன நன்மை, என்ன தீமை? ஒரு பக்கக் கட்டுரை வேணும். படிக்கிறவங்க ஓடிப் போய்ச் சேரணும், இல்லன்னா சேர்ற எண்ணத்தையே விடணும். ரெண்டுல ஒண்ணு நடந்தா போதும்."

நான் எந்த ஜிம் வாசலையும் மிதித்ததில்லை. அதனால் என்ன, சரி என்றேன்.

முதல் தொடக்கம்: "ஆரோக்கியம் என்பது இயற்கை மனிதனுக்கு அளித்த மாபெரும்..." வேண்டாம். இதைப் பல் மருத்துவமனைச் சுவரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: ஓர் இளைஞன் தன் தொப்பையைக் கண்ணாடியில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். (இரண்டு பத்தி எழுதியும் பெருமூச்சை நிறுத்தவில்லை. போய்வா தம்பி.)

பல் மருத்துவமனை என்றேன் அல்லவா? அங்கே வரவேற்பு மேசையில் ஐம்பது தாண்டிய ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வலியோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. கட்டுரை அங்கேயே கைநழுவிப் போய்விட்டது.

2

அக்காவின் கணவர் எடை மேடைக்காரர். சரக்கு லாரிகளை எடை போடும் மேடையில் காலமெல்லாம் உட்கார்ந்து, பாரம் கூடுதலாக வந்த வண்டியையெல்லாம் திருப்பி அனுப்பியவர். டிரைவர் கெஞ்சுவான், முதலாளி போனில் எகிறுவார், இவர் அசைந்து கொடுக்கமாட்டார். "வண்டிய ஏன்டா கொல்றீங்க? இறக்கிட்டு வா" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் வாயும் தப்பின. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் அங்கிருந்து குளியலறைக்கும் அக்காவின் கொழுந்தன்தான் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெளியூர் மாற்றல் வந்ததும் நாத்தனார் வந்தாள். கட்டில் ஓரம் நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணி, உங்களால அண்ணனத் தூக்க முடியாது. நோயாளிங்கள வெச்சுப் பார்த்துக்கிற ஒரு நல்ல ஹோம் பார்த்து வெச்சிருக்கேன். அடுத்த தடவை வர்றப்போ முடிவு பண்ணிடலாம்."

அண்ணன் தூங்குகிறார் என்ற தைரியம் அவளுக்கு. அவர் கண்ணைத்தான் மூடியிருந்தார்.

மறுநாளே அக்கா ஜிம்மில் சேர்ந்தாள். நன்மை தீமை எதையும் பார்க்கவில்லை. இனி அவரை அவள் தனியாகத் தூக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் வீட்டில் இல்லை.

3

(ஆசிரியருக்காக இந்தப் பகுதி.)

ஜிம் கடைவீதி நடுவில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. நன்மை: பஸ் நிறுத்தம் பக்கம். தீமை: நிறுத்தத்துக்கும் ஜிம்முக்கும் நடுவே அந்த பேக்கரி. லிஃப்டில் ஏறி வந்தவர்கள் படி ஏறும் எந்திரத்தில் ஏறினார்கள். நாலு எட்டு நடக்கச் சோம்பல்பட்டு வாசலிலேயே வண்டி நிறுத்த இடம் தேடியவர்கள், மேலே வந்து டிரெட்மில்லில் வேர்க்க வேர்க்க நடந்தார்கள். ஒருவர் ஒரே கருவியில் உட்கார்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அவருடைய கட்டைவிரல் மட்டும் நல்ல கட்டுமஸ்தாக இருந்தது.

மாஸ்டர் ஒரு படிவத்தோடு வந்தார்.

"எதுக்கு ஜிம்முக்கு வர்றீங்கக்கா? வீட்டுல கல்யாணம் ஏதாவது வருதா?"

"எங்க வீட்டுக்காரரத் தூக்கணும்."

மாஸ்டர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இல்லையேக்கா. வெயிட் லாஸ்னு டிக் பண்ணிடறேன்."

"என்னமோ பண்ணுங்க தம்பி. முதுகு பிடிக்காம எப்படிக் குனியறதுன்னு முதல்ல சொல்லிக்குடுங்க."

அதை அவர் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தார். மாஸ்டரைக் கோமாளியாக்கத்தான் நினைத்தேன், அந்த ஒரு விஷயத்தில் அவர் இடம் கொடுக்கவில்லை.

4

ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூப்பிடவேண்டியிருந்தது. பிறகு அவர் ஒரு கை கொடுத்தால் போதும் என்றானது. இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அக்கா குனிந்து, மூச்சை இழுத்து, கணவரைத் தனி ஆளாகத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டாள்.

"என்னங்க, பாத்தீங்களா! பூ மாதிரி வர்றீங்க!"

"நீ பயில்வான் ஆயிட்டே" என்று சிரித்தார் அவர். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல் மருத்துவமனையில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் அவள் வலியே இல்லை என்று வாக்குக் கொடுத்தாள்.

மாஸ்டர் சும்மா இருப்பாரா? அக்காவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டினார்: "இரண்டே மாதத்தில் கணவரைத் தூக்கினார்!" அதைப் பார்த்து நிறையப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தூக்கி எங்கே போடப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா வேலைக்குப் போகும்போது கட்டில் பக்கத்து ஸ்டூலில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் தட்டு காலியாக இருக்கும். கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே ஒரு தெருநாய் படுத்திருக்கும்.*

* இந்த நாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை பேனாவால் அடித்தேன், மறுபடி வந்து படுத்துக்கொண்டது. ஆசிரியரும் "நாய் எதுக்கு சார்? வெட்டிடுங்க" என்றார். நன்றாகக் கொழுத்த நாய் வேறு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

ஒரு சனிக்கிழமை, மருத்துவமனையில் அரை நாள் வேலை. நேராக ஜிம்முக்கு வந்த அக்கா மாஸ்டரிடம் ஜம்பமாகச் சொன்னாள்: "இந்தக் குட்டி டம்பெல்ஸ் எல்லாம் எனக்கு எதுக்கு? எங்க வீட்டுக்காரர் எழுபது கிலோ. தினமும் தூக்கறேன்."

மாஸ்டர் அறுபது கிலோ மணல் மூட்டையை இழுத்து வந்து போட்டார். அக்கா குனிந்தாள், மூச்சை இழுத்தாள். மூட்டை ம்ஹூம், தரையை விட்டு எழவில்லை. மறுபடி முயன்றாள். கட்டைவிரல்காரர்கூட போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வீட்டுல யாரைக்கா தூக்கறீங்க? சின்னப் பிள்ளையையா?" என்று மாஸ்டர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. சட்டையை மாற்றாமல், லிஃப்டுக்கு நிற்காமல், படியில் ஓடினாள். ஆட்டோவில் வந்து தெருமுனையில் இறங்கியபோதே தெரிந்தது. அவள் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு வலது கை வெளியே நீண்டது. கையில் ரொட்டி. கீழே நாய் வாலாட்டிக்கொண்டிருந்தது.

நான் என்ன சொல்வது? படுத்திருக்கிற மனிதருக்கு என்ன வசனம் என்று அவரை விட்டுவிட்டு ஜிம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என்னையும் ஏமாற்றிவிட்டார் பாவி மனிதர். அந்தப் படிவத்தில் 'வெயிட் லாஸ்' என்று போட்டிருந்தது இவருக்கா!

6

முடிவு ஒன்று: அக்கா கத்துகிறாள், அவர் அழுகிறார், இருவரும் கட்டிக்கொண்டு... (வேண்டாம். அந்தப் பெருமூச்சுத் தம்பி திரும்பி வந்துவிடுவான்.)

முடிவு இரண்டு, ஆசிரியர் கேட்டது: "ஆகவே ஜிம்மில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு."

மூன்றாவதில் நாத்தனார் வருகிறாள், அண்ணன் இளைத்துப்போனதைப் பார்க்கிறாள், கையோடு அழைத்துப் போகிறாள். இது நடக்கக்கூடியது. அதனால்தான் எனக்குப் பயம்.

அதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறேன். அக்கா உள்ளே வந்தாள். நல்ல கையை அவசரமாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார் அவர். அவள் போர்வையை விலக்கினாள். விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தாள். தினமும் தூக்கியும் இது கண்ணில் படவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"பாரம் கூடுதல்" என்றார் அவர், சுவரைப் பார்த்து. "வண்டி தாங்காது. இறக்கினேன்."

அக்கா சமையலறைக்குப் போய்த் தட்டு நிறையச் சாப்பாடு கொண்டுவந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, மணல் மூட்டையிடம் தோற்ற கையால் அவர் கையைப் பிடித்து, ஒரு வாய்ச் சாப்பாட்டை அதில் வைத்தாள்.

"வண்டி மாத்தியாச்சு. ஏத்துங்க."

அவர் அவளுடைய தோளைப் பார்க்கிறார், எடை மேடையில் லாரியைப் பார்ப்பதுபோல. அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கை நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் ஜன்னல். நாய் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கை எந்தப் பக்கம் போகும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடிந்தது ஒன்றுதான். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.