ஒன்றேகால் கிலோ

துடைக்கும் துணியை நான்காக மடித்து, திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்தாள் அமுதவல்லி. வட்டமாகத் துடைத்தால் கோடு விழும். பத்து மணிக்குக் கடை திறந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. அவளுடைய மேசையில் ஆறு லேப்டாப்கள் இருந்தன. ஆறிலும் ஒரே மஞ்சள் மீன் ஒரே பாறையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடையில் கீழ்த்தளம் டிவி, ஃபிரிட்ஜுக்கு. மாடி மொபைலுக்கும் லேப்டாப்புக்கும். அமுதவல்லி கடையின் ஆள் இல்லை. அவள் போட்டிருந்த நீல டி-சர்ட்டில் பெயர் அச்சடித்திருந்த கம்பெனியின் ஆளும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் திருச்சி ஏஜென்சி ஒன்று நாலு வருடத்துக்கு முன்னால் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. நீல மேசையில் இருப்பது விற்றால் அவள் கணக்கு. எதிரே சிவப்பு மேசையில் இருப்பது விற்றால், சிவப்பு டி-சர்ட் போட்ட விக்ரம் கணக்கு. இரண்டு மேசைக்கும் நாற்காலி கிடையாது.

மாதத்துக்கு எட்டு விற்க வேண்டும். அன்று ஜூன் இருபத்தெட்டு. ஆறு முடிந்திருந்தது. ஏப்ரலிலும் குறைவு, மே மாதமும் குறைவு. "மூணு மாசம் தொடர்ந்து டவுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க மேடம்" என்று ஏஜென்சி சூப்பர்வைசர் அரவிந்த்குமார் போன வாரமே போனில் சொல்லிவிட்டான். கத்தாரிலிருந்து கம்பெனி மூடி ஏழாம் மாதமே திரும்பி வந்த அவள் புருஷன் அழகுமலை, வாடகை கிடைக்கிற நாளில் லோடு வண்டி ஓட்டினான். ஒன்றாம் தேதி தவறாமல் வருவது அவள் சம்பளம் மட்டும்தான்.

மதியம் விக்ரம் சாப்பிடப் போன நேரத்தில் அந்த அப்பாவும் மகளும் படியேறி வந்தார்கள். அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளை வேட்டி, கழுத்துக்குப் பின்னால் காய்த்துப்போன ஒரு மேடு. மகளுக்கு இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். தோளில் துணிப்பை. படி ஏறி முடித்ததும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்கண்ணே, வாங்கம்மா. யாருக்கு, தங்கச்சிக்கா? காலேஜுக்கா?"

"வேலைக்குக்கா" என்றாள் அவள். "அறந்தாங்கில பிரஸ்ல டிசைனரா இருக்கேன். அங்க சிஸ்டம் இருக்கு. வீட்ல நானா ஆர்டர் எடுத்துச் செய்யறேன். பத்திரிகை, மொய் விருந்து கார்டு, காதுகுத்து ஃபிளெக்ஸ். கோரல் டிரா, போட்டோஷாப் ரெண்டும் ஓடணும். மத்தபடி மெயில், பில்லு, படம் பாக்குறது அவ்வளவுதான்."

அவள் பெயர் சத்யா. ஊர் ஆவுடையார்கோவிலுக்கு உள்ளே தள்ளி மூன்று கிலோமீட்டர். அப்பா மூக்கன் அறந்தாங்கி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பத்தைந்தாயிரம் வரைக்கும் பார்க்கலாம் என்று வந்திருந்தார்கள்.

"ஆடி பொறந்தா மொய் விருந்து வரிசையா வரும்க்கா. பார்ட்டி வீட்டுக்கே போயி டிசைனைக் காட்டணும். நூறு பேரு பேரு போடுவாங்க, அங்கேயே திருத்தணும். கையில தூக்கிட்டுப் போற மாதிரி வேணும்."

பில்லிங் மேசையிலிருந்து ஃப்ளோர் மேனேஜர் குணசேகரன் தலையைத் தூக்கிப் பார்த்தார். நீல மேசையில் இரண்டு பழைய சரக்கு தேங்கியிருந்தது. இந்த மாதத்துக்குள் அது போயாக வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

அமுதவல்லி முதலில் பெரியதைக் காட்டினாள். டிசைனுக்கு என்று தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது, எவ்வளவு பெரிய ஃபைலும் திணறாது என்றாள். மூக்கன் குனிந்து அதை இரண்டு கையாலும் எடுத்து, வலது கைக்கு மாற்றி, ஒரு நொடி நிறுத்தினார்.

"ரெண்டரைக்குக் கீழ. ரெண்டு முன்னூறு இருக்கும்."

அமுதவல்லி அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு புள்ளி மூன்று என்று போட்டிருந்தது.

"சார்ஜரை வைய்யி தாயி."

செங்கல் கணக்காக இருந்த சார்ஜரை மேலே வைத்தாள்.

"மூணு" என்று கீழே வைத்துவிட்டார். "இது வேணாம்."

"மூணு கிலோ என்னண்ணே பெரிய வெயிட்டு? நீங்க தூக்காத மூட்டையா?"

"தூக்குறப்ப ஒண்ணுந் தெரியாது தாயி. நடக்கையிலதான் தெரியும். அவ பஸ்ஸ விட்டு எறங்கி மூணு கிலோமீட்டர் நடக்கணும். இப்பவே கழுத்தெலும்பு தேஞ்சிருக்குனு டாக்டர் சொல்றாரு. இந்த வயசுல எனக்கே அது வரல."

"அப்பா, அதெல்லாம் எதுக்கு இங்க?" என்றாள் சத்யா.

அமுதவல்லி அடுத்ததை எடுத்தாள். தேங்கிக் கிடந்ததில் ஒன்று. கொஞ்சம் இலேசு, ஒரு கிலோ அறுநூறு. மூக்கன் தூக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார். சத்யா துணிப்பையிலிருந்து ஒரு பென் டிரைவையும், அச்சடித்த அட்டை ஒன்றையும் எடுத்தாள். மொய்ப்பணம் வாங்க ஊரில் பலர் சேர்ந்து வைக்கும் மொய் விருந்தின் அழைப்பிதழ். அரக்குக் கலரில் கரை, நடுவில் பிள்ளையார்.

"இந்த ஃபைலைத் திறக்கலாமாக்கா?"

திறந்தது. திறக்கவே நேரமெடுத்தது. சத்யா அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அட்டையில் அரக்காக இருந்தது திரையில் செங்கல்பொடியாக வெளுத்துக் கிடந்தது. அமுதவல்லி வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினாள். திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள்.

"வெளிச்சந்தான்க்கா கூடுது. அரக்கு வரலையே."

"அது டிஸ்ப்ளேல அப்படித்தாம்மா தெரியும். பிரிண்ட்ல சரியா வந்துரும்."

"என் பழைய லேப்டாப்லயும் இப்படித்தான். செகண்ட் ஹேண்ட். ஸ்கிரீன்ல வெளுத்துத் தெரியுதேன்னு நான் கலரைக் கூட்டி வச்சேன். அறுநூறு கார்டும் கருப்படிச்சு வந்துருச்சு. நல்ல காரியத்துக்குக் கருப்பு கார்டான்னு அந்த வீட்டம்மா வாசல்லயே வச்சுச் சத்தம் போட்டாங்க. திரும்ப அடிச்சுக் குடுத்தேன், என் கைக்காசுல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு மேசையிலிருந்த விலை அட்டையை ஒருமுறை பார்த்தாள். "இந்த ரேட்டுக்குள்ள இவ்வளவுதான் வருமாக்கா?"

"ஆமாம்மா. இந்த ரேஞ்சுக்கு இதுதான் நல்ல பீஸ்."

"சரிக்கா. நீங்க தினம் பாக்குறவுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும். இதையே எடுத்துக்கிறேன்."

மூக்கன் மடியிலிருந்து கவரை எடுத்தார். மேலே ஒரு பாலிதீன் பை, அதற்கு மேல் ரப்பர் பேண்ட். குணசேகரன் அங்கிருந்தே, "பில் போட்டுரவா அமுதா?" என்றார்.

அது ஏழாவது. அமுதவல்லி பென் டிரைவைப் பிடுங்கக் கையை வைத்தாள். பிள்ளையாருக்குக் கீழே ஊர்ப் பெயரும், அதற்குக் கீழே எறும்பு வரிசையாக நூறு பெயர்களும் இருந்தன. ஓரத்தில், கண்ணில் படாத அளவுக்கு, 'வடிவமைப்பு: மூ. சத்யா' என்று போன் நம்பரோடு இருந்தது. சத்யா இன்னும் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தபடியே நின்றிருந்தாள். மறு கை கழுத்தில் இருந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அமுதவல்லி. "தங்கச்சி, இங்கிட்டு வா."

சிவப்பு மேசையின் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. பென் டிரைவைச் சொருகினாள். ஃபைல் சட்டென்று திறந்தது. சத்யா அட்டையைப் பக்கத்தில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிள்ளையாரைப் பெரிதாக்கி, தும்பிக்கையின் நிழலைப் பார்த்தாள்.

"இதுல மெமரியும் அதைவிட ரெட்டிப்பு. அதுல பின்னாடி கூட்டவும் முடியாது. கிராஃபிக்ஸ் கார்டு தனியா இல்ல, ஆனா ஒன் வேலைக்குத் தேவையில்ல. வீடியோ எடிட்டிங், கேம்ஸ்னா வேணும். கார்டுக்கும் ஃபிளெக்ஸுக்கும் இது போதும். சார்ஜர் பாரு, போன் சார்ஜர் அளவுதான். வெலை ஆயிரம் கூட."

மூக்கன் ஒரே கையால் தூக்கினார். மறு கைக்கு மாற்றினார். "ஒண்ணேகால்" என்றார். அட்டைப்பெட்டியை யாரும் பார்க்கவில்லை.

அவர் அவளுடைய நீல டி-சர்ட்டைப் பார்த்தார். பிறகு சிவப்பு மேசையைப் பார்த்தார்.

"இது ஒன் டேபிள் இல்லையே தாயி."

"இல்லண்ணே."

"இதுல ஒனக்கு ஒண்ணும் வராதா?"

"வராதுண்ணே. இன்னொரு தம்பிக்கு வரும்."

"மார்க்கெட்லயும் அப்படித்தான். இந்த லாரிக்கு இந்த செட்டுனு பிரிச்சிருக்கு. அடுத்த செட்டு மூட்டையில கை வச்சா சங்கத்துல கூப்புட்டுக் கேப்பாங்க." கவரைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "அப்ப அங்கிட்டு இருக்கறதையே…"

சத்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா சொன்னா அதையே எடுத்துக்குவோம்" என்றாள், குரல் இறங்கி.

"வேணாம்ணே" என்றாள் அமுதவல்லி. "பில் போடச் சொல்றேன், வாங்க."

கீழே இறங்கும்போது மூக்கன் பெட்டியைப் பழக்கத்தில் தோளுக்குத் தூக்கினார். பாதிப் படியில் நினைவு வந்து, இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். சத்யா திரும்பி, "வாரேங்க்கா. ஒங்க வீட்டு விசேஷத்துக்குக் கார்டு நாந்தான்" என்றாள்.

விக்ரம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவன் பெயரில் ஒன்று ஏறியிருந்தது. அவனுக்கு ஏற்கெனவே டார்கெட் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்குப் போன் அடிச்சிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்ல. சீரியல் நம்பர் ஏறிருச்சு, மாத்தவும் முடியாது."

"விடு தம்பி. அந்தப் புள்ளைக்கு அதுதான் சரி."

குணசேகரனுக்குக் கோபம். ஆனால் சத்தம் போடவில்லை. "வித்ததுக்கு நான் கேக்க முடியாது, கடைக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆனா கையில வந்ததைத் தூக்கி எதுத்தாப்ல குடுப்பியா? ஒம் பொண்ணு வேன் ஃபீசை அந்தாளு வந்து கட்டுவாரா?" என்றார். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். மகள் வைஷ்ணவி ஏழாவது படித்தாள். வேன் ஃபீஸ் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

கம்பெனி ஆப்பில் கைவிட்டுப்போன ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் காரணம் போட வேண்டும். விலை, கடன் வசதி, சரக்கு இல்லை, வேறு பிராண்ட் விருப்பம் என்று நான்கு வட்டங்கள் இருந்தன. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'விலை' என்பதைத் தொட்டாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் விக்ரம் தன்னிடம் வந்தவர்களை அவள் பக்கம் அனுப்பினான். "அங்க அக்காகிட்ட பாருங்க, நல்லா சொல்வாங்க" என்றான். விராலிமலையிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் வாங்கினார். அது ஏழு. முப்பதாம் தேதி சாயங்காலம் ஒரு குடும்பம் முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, மாதத் தவணை அனுமதி வராமல் திரும்பிப் போனது. கடை சாத்துகிற வரைக்கும் அவள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது வரவில்லை.

ஒன்றாம் தேதி பதினொரு மணிக்கு அரவிந்த்குமார் கூப்பிட்டான். கவுண்டரில் வேறு ஆள் போடப் போவதாகச் சொன்னான். ஒன்றுதானே சார் குறையுது என்றாள். மேலே கேட்கிறார்கள் என்றான். குணசேகரன் போனை வாங்கி, "நாலு வருசமா லீவே போடாத பொண்ணுப்பா. ஒரு மாசம் பாரேன்" என்று பேசிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு ரிசைன் லெட்டர் மட்டும் கைப்பட எழுதி போட்டோ எடுத்து அனுப்பிருங்க மேடம்."

பில்லிங் மேசையில் வெள்ளைத் தாள் வாங்கி, லேப்டாப் இரண்டைத் தள்ளிவைத்துவிட்டு, நின்றபடியே எழுதினாள். கொடுத்த இலக்கை முடிக்க இயலாததால் தாங்கள் கேட்டுக்கொண்டபடி விலகுகிறேன் என்று எழுதி அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"அப்படி எழுதக் கூடாது மேடம். நாங்க நிறுத்துன மாதிரி இருக்கு."

"நீங்கதானே சார் நிறுத்துறீங்க?"

"அது வேற. லெட்டர்ல நீங்களா போற மாதிரி இருக்கணும். 'என் சொந்தக் காரணங்களுக்காக'னு போடுங்க. அப்பத்தான் ஜூன் சம்பளம் க்ளியர் ஆகும்."

"என்ன சொந்தக் காரணம்னு கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கடைசியா 'வாய்ப்பளித்தமைக்கு நன்றி'னு ஒரு லைன் போட்டுருங்க."

இரண்டாவது தாளில் எழுதினாள். கையெழுத்துப் போட்டு, மேசையில் வைத்துப் போட்டோ எடுத்தாள். மேலே இருந்த விளக்குக்கு அவளுடைய தலையின் நிழல் தாளின் பாதியை மறைத்தது. 'நிழல் விழுது, தெளிவா அனுப்புங்க' என்று பதில் வந்தது. ஜன்னலுக்குப் போய், தாளை ஒரு கையால் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, மறு கையால் எடுத்தாள். வெயிலில் எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. அனுப்பினாள். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதன் கீழே இன்னொரு வரி வந்தது: 'இன்னைக்கு ஃபுல் டே பாத்துட்டுப் போங்க மேடம். புது ஆள் நாளைக்குத்தான் வாராங்க.'

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. அமுதவல்லி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தள்ளிவைத்த இரண்டு லேப்டாப்களையும் இழுத்து வரிசைப்படுத்தினாள்.

"வாங்கம்மா, வாங்க சார்" என்றாள். "என்ன பாக்குறீங்க?"