வாயை மட்டும் அசை

சாராள் டீச்சர் ஹார்மோனியத்தில் முதல் அடியை வாசித்தாள். மேடையில் பன்னிரண்டு பெண்கள் வாய் திறந்தார்கள். சத்தம் வரவில்லை.

மறுபடியும் வாசித்தாள். பன்னிரண்டு வாய்களும் அழகாக அசைந்தன. ஊஹும்.

சாராள் மூன்றாம் தடவையும் வாசித்தாள்.

1956ஆம் வருஷம், திருவள்ளூரில் பள்ளிக்கூடங்களுக்கான பாட்டுப் போட்டி. கடம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம் அரை மார்க்கில் ஷீல்டு கை நழுவியது. அன்றிலிருந்து ஹெட்மாஸ்டர் அப்பாவு தூங்கவில்லை. சாராளையும் தூங்க விடவில்லை.

"இத பாரும்மா, ஷீல்டு வந்தா பாட்டு பீரியடு. வரலியா, அந்த நேரத்துல புள்ளைங்க கணக்கு போட்டுக்கினு இருக்கட்டும்!"

வாரத்துக்கு ஒரே பாட்டு பீரியடு. அது ஒன்றுக்காகத்தான் சாராள் மற்ற நாளெல்லாம் தையலையும் கணக்கையும் சகித்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகை தொடங்கிய முதல் வாரமே ரஷீதா சுருதியை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றினாள். நாலு பேர் எதிரில் சொன்னால் குழந்தை வாடிப்போகுமே என்று சாராள் அவளைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

"கண்ணு, போட்டி அன்னிக்கி நீ வாயை மட்டும் அசை. யாருகிட்டயும் சொல்லாதே, இன்னா?"

பள்ளிக்கூடம் விட்டதும் தெருவெல்லாம் கேட்கப் பாடிக்கொண்டு போகிறவள் ரஷீதா. அன்று பேசாமல் போனாள். சாராள் கவனிக்கத்தான் செய்தாள். ஷீல்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மறு வாரம் செண்பகத்துக்கு மூச்சு பத்தவில்லை. பானைப் பக்கம். முத்தம்மாவுக்குத் தாளம் நிற்கவில்லை. பானைப் பக்கம். இப்படியே ஆறு வாரம், எரிச்சலுக்கு ஒருத்தியாக. கடைசியில் இன்று காலை ரயிலடியில், இருப்பதற்குள் நன்றாகப் பாடுகிற கிரேஸ் இரண்டு தடவை இருமித் தொலைத்தாள்.

"நீயுமாடி? பெரிய பேஜாராப் போச்சு! நீயும் வாயை மட்டும் அசை. மத்தவங்க பாடிக்குவாங்க."

மற்றவர்கள் யார் என்று சாராள் எண்ணிப் பார்க்கவில்லை.

"மைக் பூட்ச்சிய்யா! தட்டிப் பாரு!" என்று சபையிலிருந்து ஒரு குரல். ஒரு ஆள் மேடையேறித் தட்டினான். டொக், டொக். கணீரென்று கேட்டது. கொட்டகையே சிரித்தது. மணி அடித்துப் பெண்களைக் கீழே இறக்கினார்கள்.

"திங்கக்கிழமையிலேருந்து கணக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவு, ஊருக்குத் திரும்பும் ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

ரயில் நகர்ந்தது. சாராள் பெண்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஒருத்திக்குக் கூடவா தொண்டை இல்ல? இன்னா நெனச்சிக்கினு நின்னீங்க?"

"நீங்கதானே டீச்சர் பாட வேணாம்னீங்க?" என்றாள் கிரேஸ்.

"உன்னையுமா?" என்று செண்பகம் வாயைப் பிளந்தாள்.

"ஐய, என்னையும்தான்டி!" என்றாள் முத்தம்மா.

பெட்டி அதிரச் சிரித்தார்கள். ரஷீதா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் ஒருத்திதான்னு நெனச்சேன் டீச்சர். ஊட்லகூட வாய் தெறக்கல. தொண்டை நோவாடின்னு அம்மா கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

சாராளுக்கு அப்பாவு மேலும் பெண்கள் மேலும் வந்த ஆத்திரமெல்லாம் திரும்பித் தன் மேலேயே விழுந்தது.

"பாடு."

"இங்கியா? ஆளுங்க கீறாங்க."

"இருக்கட்டும். ஷீல்டும் இல்ல, பீரியடும் இல்ல. பாடித் தொலையேன்டி!"

ரஷீதா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

சாராள் தலையில் அடித்துக்கொண்டு தானே ஆரம்பித்தாள். இருந்த கோபத்தில் சுருதி எங்கேயோ போய் விழுந்தது.

"ஐயோ, தப்பு டீச்சர்! இப்படி!" என்று ரஷீதா பதறிப்போய் உரக்கப் பாடிக் காட்டினாள்.

அதுவும் தப்பு.

சாராள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டாவது அடிக்குக் காத்திருந்தாள்.