தேதி போடாத கூப்பன்

நாற்காலிக் கடைக்காரர் வீட்டில் யாரும் உட்கார்வதில்லை. உட்காரக் கூடாது என்று கட்டுப்பாடு ஏதும் கிடையாது. உட்கார வருவதில்லை, அவ்வளவுதான். நிற்பார்கள், நடப்பார்கள், இரவானால், இன்னும் படுக்க முடிகிறவர்கள் படுப்பார்கள். காலையில் எழும்போது, சாய்த்து வைத்த பலகையை நிமிர்த்துவது போல ஒரே மூச்சில் எழுந்துவிடுவார்கள். சாப்பாட்டு மேசையின் கால்களுக்குச் செங்கல் கொடுத்து நெஞ்சளவு உயர்த்தியிருக்கிறார்கள். டாக்டர் வந்து முழங்காலை மடக்கிப் பார்த்தார். படுக்கையில் மடங்கிய கால் நாற்காலியைக் கண்டதும் மடங்க மறுத்தது. அவர் நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தம் ஃபீஸை வாங்கிக்கொண்டு போனார். இதைப் பற்றித் தெருவில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். நடந்தது இதுதான்.

தெருமுனையில் நாற்காலி விற்கும் பெரிய கடை ஒன்று திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், வாரத்துக்கு ஒரு தள்ளுபடி. நாற்காலிக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஈ ஓட்டி ஓட்டி அலுத்துப்போய், அச்சகத்திலிருந்து மூன்று வகைக் கூப்பன்களின் மாதிரிகளைக் கொண்டுவந்து அண்ணனான கடைக்காரர் முன் பரப்பினார். முதல் வகை, விலையில் பத்தில் ஒரு பங்கு குறைப்பது. "குறைச்சா, இத்தனை வருஷம் கூட வாங்கினோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" என்று கேட்டார் அண்ணன். இரண்டாவது, ஒரு தொகைக்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும் குறைப்பது. "அப்ப ஒத்தை நாற்காலி வாங்க வர்றவன் மனுஷன் இல்லையா?" என்றார். மூன்றாவது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அதைக் கையில் எடுத்தபோது ஏற்கெனவே நிமிர்ந்திருந்த அவர் முதுகு இன்னும் சற்று நிமிர்ந்தது. குறைப்பது வேறு, கொடுப்பது வேறு. நம் குடும்பம் கொடுத்துப் பழகிய குடும்பம் என்றார். தம்பிக்கு முதல் வகைதான் மனத்தில் இருந்தது. சரி, கீழே கடைசித் தேதியாவது போடுவோம், வீட்டுக்கு ஒன்று என்று போடுவோம், பொருள் கொடுத்ததும் கூப்பனை வாங்கிக் கிழித்துவிடுவோம் என்று கெஞ்சினார். அண்ணன் எதற்கும் இசையவில்லை. கொடுத்த வாக்குக்குக் கெடு ஏது? வந்தவர் கண் முன்னே அதைக் கிழிப்பது அவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். தேதி போட வேண்டிய இடத்தில் ‘இது எங்கள் குடும்பத்தின் வாக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே, நாற்காலி பண்ண மரம் வேணும். வாக்கு பத்தாது."

"கல்லாவுல உக்காந்து உக்காந்து உன் புத்தியும் சில்லறையாப் போச்சுடா."

தம்பி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு அன்றே தனியாகப் போனார்.

முதல் மாதம் கடையில் நிற்க இடமில்லை. இரண்டாம் மாதம் வந்தவர்களும் அதே கூப்பனோடுதான் வந்தார்கள். கிழிக்காத கூப்பன் கைமாறியது. மகள் வீட்டுக்குப் போனது, பக்கத்து வீட்டுக்கு இரவல் போனது, ஒருவர் அதை வாடகைக்கே விட்டார். அப்படி வந்தவர்களில் ஒருவர்கூட இல்லாதப்பட்டவர் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். வங்கி மேலாளர் இரண்டு முறை வந்தார். கிடங்கு காலியானது. ஆசாரிகள் ஒவ்வொருவராக விலக, மிஞ்சிய ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நாற்காலி செய்தார். அது விற்கும்போது, மாடியிலிருந்த வீட்டு நாற்காலிகளில் ஒன்று தானாகப் படியிறங்கி வந்து அதன் பக்கத்தில் நின்றது. சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இறங்கின. கடைக்காரரின் அப்பா கடைசிவரை உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியும் கைகளைப் படியில் தட்டித் தட்டி இறங்கியது. அதை வாங்கிப் போனவர், "கொஞ்சம் பழசு" என்று குறை சொன்னார்.

பிறகு முடிதிருத்தும் கடைக்காரர் வந்து ஒன்று வாங்கினார். இறங்கி வர மாடியில் நாற்காலி இல்லை. அவரும் பரவாயில்லை என்று ஒன்றோடு போய்விட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இருமடங்கு சுகமாக இருந்தது. முடி வெட்டி முடிந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அன்று மத்தியானம் கடைக்காரரின் மகன் பெஞ்சில் உட்காரப் போனான், முடியவில்லை. அடுத்த கூப்பனுக்கு மருமகள். அதற்கடுத்து கடைக்காரர். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரி வாடிக்கையாளருக்கு முன்னால் நிற்பதுதான் மரியாதை என்றார்.

மிஞ்சியது அவர் மனைவி. அடுப்படியில் நின்றே வீங்கிய கால்கள் அவருக்கு. வேலை முடிந்ததும் மாடிப்படியின் இரண்டாம் படியில் அவர் உட்காரும்போது வரும் பெருமூச்சு கடைவரை கேட்கும். அதைக் கேட்பதற்காகவே மகன் கைவேலையை நிறுத்துவான்.

"கடையைச் சாத்திடலாங்க," என்று ஒருநாள் கேட்டார்.

"சாத்தினா வாக்குத் தப்பிட்டான்னு சொல்லுவாங்க."

"யாருங்க சொல்லுவாங்க? நம்ம நாற்காலியில உக்காந்துக்கிட்டுதானே சொல்லுவாங்க?"

அந்த வாரம் தம்பி வந்தார். பிரிந்து போனபின் அதுவே முதல் தடவை. தலை நரைத்திருந்தது, கையில் கூப்பன் இருந்தது. அண்ணி படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாற்காலி வேணும்ணே," என்றவர், குரலைத் தாழ்த்தி, "இல்லைன்னு சொல்லுங்க. நான் கூடப் பிறந்தவன். எனக்கு இல்லைன்னா யாரும் உங்களைக் குத்தம் சொல்லப் போறதில்லை. ஒரு தடவை வாயால இல்லைன்னு சொல்லிட்டா, இது நின்னுடும்ணே. அதுக்குத்தான் வந்தேன்," என்றார்.

அண்ணன் கூப்பனை வாங்கி, தம் கையெழுத்தைப் பார்த்தார். படியின் பக்கம் பார்க்கவில்லை. ஆசாரி முடித்து வைத்திருந்த நாற்காலியைத் துணியால் துடைத்தார். கால்களுக்குச் சாக்கு சுற்றினார்.

"எடுத்துட்டுப் போ. பணத்தைக் கல்லாவுல வை. எங்க வைக்கணும்னு உனக்குத் தெரியும்."

படியில் இருந்தவர் எழுந்தார். யாரும் எழச் சொல்லவில்லை. மடியிலிருந்த வெங்காயம் படிப்படியாக உருண்டு தம்பியின் காலடியில் வந்து நின்றது.

"தம்பி, வீட்டுக்குப் போய் நல்லா உக்காருங்க," என்றார்.

தம்பி அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. துணியால் போர்த்திச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். இரவில் அதிலிருந்து ஒரு பெருமூச்சு வருவதாக அவர் வீட்டார் சொன்னார்கள். அதற்குப்பின் தெரு பெரிய கடைக்கே போனது, கூப்பனோடு யாரும் வரவில்லை. சில ஆண்டுகளில் கடைக்காரர் இறந்தார். நின்றபடியே, நாற்காலி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பெரிய கடைதான் நாற்காலி வாடகைக்கு அனுப்பியது. தெரு முழுக்க உட்கார்ந்து, சொன்ன சொல் மாறாத மனிதர் என்று பேசியது. வீட்டார் சுவரோரம் நின்று கேட்டார்கள். தம்பி போர்த்திய நாற்காலியைத் தூக்கி வந்து அண்ணிக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்துக்கொள்ள உதவியது.

பதினாறாம் நாள் வங்கி மேலாளர் கூப்பனோடு வந்தார். மகன் அம்மாவைப் பார்த்தான்.

"இல்லைன்னு சொல்லிடட்டாம்மா?"

"உங்கப்பா இருந்தவரைக்கும் அந்த வார்த்தை இந்தக் கடையில கேக்கலை. இப்பச் சொன்னா, ‘பொம்பளை கைக்குக் கடை வந்துச்சு, வாக்குப் போச்சு’ம்பாங்க. அதையும் நானே சுமக்கணுமா?" என்றவர், தம் வீங்கிய கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "படுக்கிறது இன்னும் மிச்சம் இருக்குல்ல? எங்கிட்டேருந்து எடுத்துக்கட்டும். குடு," என்றார்.

ஆசாரி மறுநாளே சுவரில் இடுப்பளவில் ஒரு கம்பியும் தோளளவில் ஒரு பட்டையும் பொருத்திக் கொடுத்தார். அதில் சாய்ந்துதான் அந்த அம்மா தூங்குகிறார். கம்பி நல்ல உறுதி. மகனுக்கும் மருமகளுக்குமாக, பக்கத்தில் இன்னும் இரண்டுக்கு அளவெடுத்திருக்கிறார்கள்.